மஞ்சள் ரோஜாவுக்குக் கவாத்து

கத்தியைத் தீட்டியாகிவிட்டது, இனி வெட்ட வேண்டியதுதான் பாக்கி, தமயந்தி ரேஷன் கடையிலிருந்து திரும்ப எப்படியும் பதினோரு மணி ஆகும், இன்றைக்குப் பாமாயில் போடுகிறார்களாம், குன்னூரே அங்கேதான் நிற்கும், இப்போது பத்தேகால், ஒரு ரோஜாச் செடியை அடியோடு அறுக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும், முப்பத்திரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து மலை மலையாகக் கவாத்து வெட்ட வைத்தவன், ஒற்றைச் செடிக்கு எதற்கு இவ்வளவு யோசனை, ஆனாலும் கால் மணி நேரமாக இதன் முன்னால் நின்றுகொண்டு கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்கிறேன். நேற்றுச் சாயந்திரம் அவள் சிரித்தாள். அதுதான் விஷயம், வேறொன்றுமில்லை. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுச் செல்வின் ஏதோ சொன்னார், என்னவென்று காதில் விழவில்லை, அந்த மனிதர் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தியவருக்கு அப்படியொரு குரல் எப்படி வாய்த்ததோ, அதற்கு இவள் சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கி, "ஐயோ, போதும் சார்" என்று சொல்லி, மறுபடி சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற சிரிப்பு. துடைத்துக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் அவள் அப்படித்தான் சிரிப்பாள், எப்போது நிறுத்தினாள் என்று யோசித்தால் வருஷம் பிடிபடவில்லை. பிறகு உள்ளே வந்தாள், கொண்டையில் மஞ்சள் ரோஜா. என் செடியில் பூத்த பூவை அந்த ஆள் பறித்து மதில் மேலாக நீட்டியிருக்கிறார், இவளும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து, எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "சக்கரை சரியா இருக்கா" என்று கேட்கிறாள். சரியாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது. அறுபது வயதுப் பெண்மணி, மனைவி இறந்து பத்து வருஷமான ஒரு வாத்தியார், கேட்டால் இவளை சிஸ்டர் என்று கூப்பிடுகிறாராம். சிஸ்டராம்.

வேர் என் பக்கம். சாணி எரு என் பக்கம், தண்ணீர் என் டிரம்மிலிருந்து, கோடையில் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றுவது நான், பூ மட்டும் அந்தப் பக்கம். நூறு பூ இருக்கும் இப்போது, எண்ணிப் பார்க்கவில்லை, பார்த்தால் வயிறு எரியும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வெண்ணெயில் மஞ்சள் கலந்த நிறம், அத்தனையும் முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு செல்வின் வீட்டு முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. அவர் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்த கம்பி வளைவு ஒன்று வேறு வைத்திருக்கிறார். சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி, இறங்கி, அந்த வளைவின் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் கூரியர்காரன் போன் செய்து வழி கேட்டான், நான் பாதி சொல்வதற்குள், "ஓ, மஞ்சள் ரோஜா வீட்டுக்குப் பக்கத்து வீடா" என்கிறான். பக்கத்து வீடு! ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊட்டி மலர்க் கண்காட்சியிலிருந்து தமயந்தி இந்தக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள், வழி நெடுகக் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கொடி ரோஜா, நன்றாக ஏறும் என்று விற்றவன் சொன்னான். நட்டு இரண்டு வருஷம் ஒரு பூ கிடையாது. பக்கத்து வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. மூன்றாவது வருஷம் செல்வின் அதை வாங்கிக் குடிவந்தார், அந்த வருஷமே பூத்தது, அதுவும் அவர் பக்கம். இதை என்னவென்று சொல்வது. ஆள் வரட்டும் என்று காத்திருந்ததா இந்தச் செடி? வெயில் அந்தப் பக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன். வெயில் இருக்கிற பக்கம்தான் செடி போகும், இதில் யாருக்கும் கோபப்பட ஒன்றுமில்லை என்று. ஆனால் இப்போது மணி பத்தரை, என் பிடரி சுடுகிறது, பனியனுக்குள் வியர்க்கிறது, மதிலில் என் நிழல் விழுந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. அப்படியானால் வெயில் என் பக்கம்தானே இருக்கிறது. காலை வெயில்தான், சரி, மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகலாம், போகட்டும், எனக்கென்ன.

என்னதான் பேசுவார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. ஏழு வருஷமாக, தினமும் சாயந்திரம் இருபது நிமிஷம், சில நாள் அரை மணி. இவள் இங்கே கொடிக்கம்பியில் துணி எடுக்கிற சாக்கில் நிற்பாள், அவர் அங்கே செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் நிற்பார். நாற்பது வருஷத்துக் கதையில் என்னிடம் சொல்லாமல் மிச்சம் வைத்தது என்ன இருக்கிறது அவளிடம், அவள் தங்கச்சி சண்டை, முட்டி வலி, வீட்டுக் கூரைத் தகரம், எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், எனக்குத் தெரியுமென்பதால் நான் "ம்" போடுவேன், ஒரு "ம்"முக்கு மேல் அதில் என்ன இருக்கிறது. அவர் "அப்படியா" என்று கேட்கிறார் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததை அவர் தெரியாதவராக நின்று கேட்கிறார், அதுதான் அவருக்கு வசதி. நான் புதிதாக அப்படியா என்று கேட்டால் இவளே பயந்துபோய்க் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சில நாள் எனக்கு வேறொரு நினைப்பு வரும், பேப்பரைப் பிடித்துக்கொண்டே வரும், நான் போய்விட்டால் என்ன ஆகும் என்று. ஒன்றும் ஆகாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறியதும் இவள் துணி எடுக்க வருவாள், அவர் தண்ணீர் விட வருவார். என் சட்டைகள் மட்டும் கம்பியில் இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நினைப்பு வந்தால் எழுந்து போய் வாசல் கேட்டைத் திறந்து மறுபடி பூட்டிவிட்டு வருவேன், எங்கே போய் வந்தீர்கள் என்று அவள் கேட்பதில்லை. இப்படியெல்லாம் பொறாமைப்படுகிற வயதா எனக்கு என்றால், வயதாவது ஒன்றாவது, அறுபத்தைந்தில் பட்டால் இன்னும் மோசம், யாரிடமும் சொல்லக்கூட முடியாது. இளம் வயதில் பட்டிருந்தால் அடிதடியாவது நடந்திருக்கும். இந்த வயதில் ஒரு செடியை வெட்டத்தான் முடிகிறது.

வெட்டிவிட்டு என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். வேர்ப்புழு, அவ்வளவுதான். அடியில் வேர்ப்புழு விழுந்துவிட்டது, விட்டால் முற்றத்துச் செடிகளுக்கெல்லாம் பரவும், அதனால் எடுத்துவிட்டேன் என்பேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவசாலி சொல்வதை எதிர்த்துப் பேச யாரிருக்கிறார்கள் இந்தத் தெருவில். சரி, உட்கார். முட்டி மடங்க மறுக்கிறது, டிரம்மைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, ஈரமண்ணில் ஒரு காலை ஊன்றி, இலைகளை இடக்கையால் ஒதுக்கினேன், முள் உடனே மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தது, அதுவும் என்னை அண்டவிடுவதில்லை, அடித்தண்டு என் கைப்பருமன் இருக்கிறது, கறுத்து, பட்டை வெடித்து. எங்கே கத்தியை வைப்பது என்று பார்த்தேன். அங்கேதான் பார்த்தேன். அடித்தண்டிலிருந்து என் பக்கம் கிளம்பிய கிளைகளின் முனைகள். எல்லாம் மொட்டை. முழங்கால் உயரத்தில் மூன்று, இடுப்பு உயரத்தில் நாலு, அதற்கு மேல் இரண்டு, பழையவை சாம்பல் நிறத்தில் வற்றி, புதியவை பழுப்பாக, ஒவ்வொன்றும் ஒரே வெட்டு, பிசிறில்லாமல், வடக்குப் பார்த்துச் சாய்த்து வெட்டியது. தோட்டத்தில் நான் ஒரு வித்தை காட்டுவேன், தோட்டத்துக்குப் புது மேனேஜர் துரை யாராவது வந்தால் என்னைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வார்கள், கவாத்து முடிந்த நிரையில் என்னை நிறுத்திக் கேட்டால், வெட்டின வாயை மட்டும் பார்த்து இது இன்னார் கை என்று சொல்லிவிடுவேன், இது சின்னையன், இது அவன் தம்பி, இவன் இரண்டாம் வீச்சில் வெட்டுகிறவன், இவன் நேற்றுக் குடித்திருந்தான் என்று. ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. இந்த வெட்டு யார் கை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்ததும் வெட்டுவேன். ஒவ்வொரு வருஷமும். பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும், போகும்போது தோளில் உரசும், கொடிக்கம்பியில் காய்கிற சட்டையில் மாட்டும், ஒரு வெள்ளைச் சட்டை முதுகில் கிழிந்தே போனது. அதோடு எனக்கு நீட்டிக்கொண்டிருக்கிற எதையும் பார்த்தால் கை சும்மா இருக்காது. தேயிலை என்றால் மட்டமாக இருக்க வேண்டும், மேசை போட்ட மாதிரி, ஒரு கிளை தலை தூக்கினால் வெட்டு, தேயிலையில் பூ வந்தால் அது சூப்பர்வைசருக்குக் கேவலம், செடியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறான் என்று அர்த்தம், முப்பத்திரண்டு வருஷம் நான் பூவைப் பார்த்தாலே யாரையாவது திட்டியிருக்கிறேன். நட்ட முதல் வருஷம் தமயந்தி சமையலறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்தக் கிளைய மட்டும் விட்டுடுங்க, மொட்டு இருக்கு" என்றாள். "சட்டைல மாட்டுது" என்றேன், என்றபோதே வெட்டியும்விட்டேன், கை அப்படிப் பழகிய கை. அவள் வெளியே வந்து கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு போய் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அந்த மொட்டு விரியவில்லை, ஒரு வாரம் ஜன்னலில் பச்சையாகவே நின்று கறுத்தது. அடுத்த வருஷம் விட்டுடுங்க என்று அவள் சொன்னதாக நினைவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"சார், கீழ விழுந்துட்டியளா?"

மதிலுக்கு மேலே செல்வினின் தலை. மே மாசத்திலும் குரங்குக் குல்லா. குன்னூரில் இத்தனை வருஷம் இருந்தும் குளிரும் பழகவில்லை, நாகர்கோவில் பேச்சும் போகவில்லை.

"இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

"கையில கத்தி இருக்கு."

"இருக்கு."

"பொங்கல் முடிஞ்சில்லா சார் கத்தி எடுப்பிய. இது மே மாசம்லா."

"அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நான் கத்தியை வைத்திருந்த இடத்தைப் பார்த்தார், அடித்தண்டை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், துக்க வீட்டில் செய்கிற மாதிரி. "சார் கோவிச்சுக்கிடக் கூடாது. சொல்லாதீங்கன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. ஆனா நீங்க அடியிலயே வெட்டப் போறியன்னா நான் சொல்லாம இருக்க முடியாதுல்லா. வருஷா வருஷம் மார்கழி கடைசியில, புதுசா வந்த கிளையெல்லாம் சிஸ்டர் மதில் மேல எடுத்து இந்தப் பக்கம் போட்டுருவாங்க. நான் கம்பியில கட்டி வைப்பேன். சார் கண்ணுல பட்டா நிக்காதுன்னுட்டு."

"ஒளிச்சு வைக்கிறீங்க."

"அப்படித்தான் கேட்டாங்க. நான் குடிவந்த ரெண்டாம் நாள். பேரு கூடத் தெரியாது எனக்கு. மதிலுக்கிட்ட வந்து நின்னு, சார், இத கொஞ்சம் ஒளிச்சு வைக்க முடியுமான்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் பேசல்ல."

அப்படியானால் ஏழு வருஷமாக என் பெண்டாட்டி என் வீட்டிலிருந்து என் செடியைக் கிளை கிளையாகக் கடத்திக்கொண்டிருந்திருக்கிறாள், நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேர் தெரியாத ஒரு ஆளிடம் கேட்கிற அளவுக்கு. என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வாய் வரை வந்தது, கேட்டாளே என்று அடுத்த நொடியே தோன்றியது, ஜன்னலிலிருந்து தலையை நீட்டிக் கேட்டாளே. இருந்தாலும் வலிக்கிறது, நியாயம் அவள் பக்கம் இருப்பதால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை, சொல்லப்போனால் கூடத்தான் செய்கிறது, இரண்டு பேருக்கும் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது, அதில் அவர்கள் பயந்து மறைக்க வேண்டிய ஆள் நான். நேற்று அவள் எதற்குச் சிரித்தாள் என்று இவரிடமே கேட்டுவிடலாம், கேட்டால் சொல்லிவிடுவார், நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல், கேட்க மாட்டேன். டிரம்மைப் பிடித்து எழுந்தேன், கண் ஒரு தடவை இருட்டிக்கொண்டு வந்து தெளிந்தது. கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"இந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அதட்டல் மாதிரி இருந்தது.

"பழசெல்லாம் ஒடிஞ்சிரும் சார். இந்த மழைக்கு வந்த கிளை ஒண்ணு இருக்கு, பச்சையாட்டு, வளையும். படுக்க வச்சுக் கட்டணும் பாத்துக்கிடுங்க. நிமுத்தி விட்டா நுனியிலதான் பூக்கும், படுக்க வச்சா கணுவுக்குக் கணு பூக்கும்."

எனக்குப் பாடம் நடத்துகிறார். இளம் தேயிலைக் கன்றை வளைத்து முளையடித்துக் கட்டச் சொல்லி எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். தெரியும் என்று சொல்ல வந்தேன், ஆனால் தெரிந்தவன் செய்திருக்க வேண்டுமல்லவா, அதனால் "குடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அங்கிருந்து தள்ளினார், நான் இங்கிருந்து வாங்கினேன், இரண்டு ஆள் நீளம் இருந்தது, இலை இன்னும் சிவப்பு மாறாமல், முள் கூட இளசு, குத்தியது ஆனால் இறங்கவில்லை. மெல்ல வளைத்து, மதிலிலிருந்து கொடிக்கம்பி வரை கொண்டுவந்து, கம்பியோடு சேர்த்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். விட்டால் எம்பிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கமே போய்விடும், அது அப்படித்தான் பழகியிருக்கிறது, கையில் அதன் இழுப்பு தெரிந்தது. "கயிறு இருக்கா சார்?" என்றேன். "உள்ள கெடக்கும், எடுத்துட்டு வாரேன்" என்று அவர் போனார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பியில் காய்கிற என் இரண்டு சட்டைகளுக்கு நடுவில் நின்றேன். கேட் சத்தம் கேட்டது. பதினோரு மணி ஆகவில்லை, இவள் எப்படி அதற்குள் வந்தாள், பாமாயில் தீர்ந்துபோயிருக்கும்.

தமயந்தி பாதையில் வந்து நின்றாள். முதலில் என் அக்குளில் இருந்த கத்தியைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த கிளையைப் பார்த்தாள். பை அவள் கையிலேயே தொங்கியது. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"அதையுமா?" என்றாள்.

அவ்வளவுதான். ஒன்பது வருஷமும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், விளக்கம் சொல்ல எங்கிருந்து ஆரம்பிப்பது, நேற்றுச் சிரித்தாயே அங்கிருந்தா, டம்ளரில் கறுத்த மொட்டிலிருந்தா. "வெட்டல" என்றேன். "புடிச்சிட்டிருக்கேன். விட்டா போயிடும்."

அவள் கிளையின் நுனி வரைக்கும் பார்த்தாள், எங்கேயாவது வெட்டு இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று புரிந்தது. "அங்க கட்டினா உங்க சட்டைல மாட்டும்" என்றாள்.

"மாட்டட்டும்."

"கிழியும்."

"கிழியட்டும், தமயந்தி."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நான் நினைத்தேன், சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து, ஒரு கையால் கிளையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையிலிருந்து கறுப்பு ரப்பரை உருவினாள். முடி தோளில் சரிந்தது, நரைத்த முடிதான், அது பகலில் அவிழ்ந்து கிடக்கப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. கிளையையும் கம்பியையும் சேர்த்து ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினாள், விரல் ஒரு தடவை என் விரலில் பட்டது, முள் குத்தி "ஸ்" என்றாள். நான் மெதுவாகக் கையை எடுத்தேன். கிளை கொஞ்சம் எம்பியது, பிறகு கம்பியோடு நின்றது.

"சார், கயிறு கிடைச்சாச்சு" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செல்வினின் குரல் கேட்டது. தமயந்தி திரும்புவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வேண்டாம் சார், நாங்களே கட்டிட்டோம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.